பிரஷர் மெஷினோடு சேரம்பாடிக்கு

ஊட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பெரிய விளம்பரப் பலகை. கண்ணை மூடிச் சிரிக்கும் ஒரு பெண். அவள் தலைக்குள் நீல நிறத்தில் ஒரு மூளை பளபளக்கிறது. கீழே, 'மூன்றே நாளில் மன அழுத்தத்துக்கு விடை கொடுங்கள்' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பலகைக்கு அடியில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்களில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. என் முகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் இலங்கையில் ஹட்டன் பக்கத்து ஆள். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தே தலை நரைத்து, இப்போது ஓய்வில் இருப்பவன். மலையும் குளிரும் தேயிலையும் பார்க்க நான் கடல் தாண்டி வரவேண்டிய அவசியமே இல்லை. கதவைத் திறந்தால் அதுதான் எங்களுக்கு. என் பையில் இருந்தது ஒரு பிரஷர் மெஷின், இரண்டு சட்டை, ஒரு பொட்டலம் மாசிக் கருவாடு. மனதில் இருந்தது கோபம்.

கோபம் என் தங்கச்சி பாக்கியத்தின் மேல். சித்தப்பா மகள். ஒரே லயத்து வரிசை வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா அறையில் வளர்ந்தோம். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் என்று சொல்லிக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்களே, அப்போது சின்னப் பிள்ளையாகப் போனவள். இப்போது சேரம்பாடிப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். புருஷன் பிரஷர் கூடி, வாய் கோணி, ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தான். அவளுக்கும் அதே பிரஷர். ஒரே மகள் சுகந்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். அவள்தான் போனில் அழுதாள்.

"மாமா, அம்மா மாத்திரைய நிறுத்திருச்சு. தியானம் பண்றேன், அது போதும்ங்குது. அப்பா மாதிரியே இதுவும் போயிரும் மாமா. நீங்க சொன்னாத்தான் கேக்கும்."

வீடியோவில் சொல்லிப் பார்த்தேன். "சரிண்ணே, சரிண்ணே" என்று தலையாட்டினாள். எனக்கு அவளைத் தெரியும். சின்ன வயதிலும் வேப்பெண்ணெய்க்கு இப்படித்தான் தலையாட்டிவிட்டு ஓடிவிடுவாள். நேரே போய்க் காதைப் பிடித்துத் திருகினால்தான் சரிப்படும் என்று கிளம்பினேன்.

வெறுங்கையோடு சண்டைக்குப் போகக் கூடாது என்று, கிளம்புவதற்கு முன் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி டாக்டரிடம் இந்தத் தியான விஷயத்தை விலாவாரியாகக் கேட்டுக்கொண்டேன். அவர் தியானத்தைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, எனக்கு அது ஏமாற்றம்.

ஊட்டியில் ஒரு ராத்திரி தங்கினேன். வர்க்கியும் தேத்தண்ணீரும் சாப்பிட்டேன். வர்க்கி நன்றாக இருந்தது. தேத்தண்ணீரைப் பற்றிப் பேசினால் இரண்டு நாட்டுக்கும் மனஸ்தாபம் வரும். விடியக்காலையில் கூடலூர் பஸ் ஏறினேன்.

நடுவட்டத்துக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. "மண்ணு சரிஞ்சிருக்குங்க. ஜேசிபி வரோணும். ஆரும் எறங்கி நடந்துறாதீங்க, மறுக்காவும் சரியும்" என்றார் கண்டக்டர். ஜன்னலுக்கு வெளியே மஞ்சுமூட்டம் தவிர ஒன்றுமில்லை. முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள் நீலகிரிப் படுகர் மொழியில் பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கண்டக்டரைக் கேட்டேன். "வெளியூர்க்காரங்க எல்லாம் நிம்மதி வாங்க இங்க வர்றாங்களே, எந்தக் கடையில விக்குதுன்னு கேட்டு வையுன்னு சொல்றாருங்க" என்றார். பெரியவர்கள் சிரிக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் பக்கத்தில் இருந்த இளைஞருக்கு நிம்மதி விற்கும் கடை தெரிந்திருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். குன்னூரில் ஒரு தியான முகாமை முடித்துவிட்டு மைசூர் வழியாகப் பெங்களூர் போகிறாராம். "அங்கிள், இது நம்பிக்கை இல்ல, சயின்ஸ். எட்டு வாரம் உட்கார்ந்தா மூளையோட அமைப்பே மாறுது. ஸ்கேன்ல காட்டியிருக்காங்க" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. டாக்டர் சொன்னதையெல்லாம் எடுத்துவிட்டேன். ஆரம்பத்தில் கொஞ்சப் பேரை வைத்துப் பார்த்தபோது மூளையில் சில இடங்கள் தடித்திருப்பதாகத் தெரிந்தது உண்மை. பிறகு கூடுதல் ஆட்களை வைத்துக் கவனமாகப் பார்த்தபோது அந்த மாற்றம் தெரியவில்லை. அதனால் மூளை மாறுகிறதா என்பது இன்னும் முடிவாகாத பேச்சு. மனப் பதற்றமும் சோர்வும் குறைகிறதா என்றால், பலருக்குக் குறைகிறது, ஓரளவுக்கு. உடற்பயிற்சியைவிட மேலா என்றால், அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. பிரஷர் கொஞ்சம் இறங்கலாம். மாத்திரைக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளச் சொல்லி எந்த ஒழுங்கான டாக்டரும் சொல்லவில்லை. சிலருக்குக் கண்ணை மூடினால் பழைய பயமெல்லாம் கிளம்பி வந்து இன்னும் மோசமாவதும் உண்டு.

"அப்ப எனக்கு நல்லா இருக்கே, அது பொய்யா?" என்றார்.

"பொய்யில்ல தம்பி. நல்லா இருந்தா உட்காருங்க. உங்களுக்கு என்ன அழுத்தம்?"

"மூணு பேர் வேலைய ஒருத்தனே பாக்குறேன் அங்கிள்."

"திரும்பிப் போனா?"

"அதேதான்" என்று சொல்லிவிட்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். மண்ணை அள்ளி முடிக்க மதியமாகிவிட்டது. கூடலூரில் பரோட்டாவும் கடலைக் கறியும் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் ரொட்டியைத் தகரத்தில் போட்டுக் கொத்துகிற சத்தத்தில் மனக்கவலை கேட்காது. இங்கே கடை அமைதியாக இருந்தது, எனக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் தேவாலா தாண்டும்போது அடைமழை, ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை, இடது பக்கம் முழுவதும் நனைந்தேன்.

இறங்கும் இடத்தில் பாக்கியம் இரண்டு பெண்களோடு டார்ச்சும் தகர டப்பாவுமாக நின்றாள். கட்டிப்பிடித்து அழுவாள் என்று பார்த்தால், "இந்நேரத்துக்கா வருவ? ஆன நிக்குற நேரம். வெரசா நட" என்று விரட்டினாள். டப்பாவைத் தட்டிக்கொண்டே நடந்தார்கள். எங்கள் பக்கம் சிறுத்தை உண்டு, குளவி உண்டு. இவ்வளவு பெரிய உருவத்துக்குப் பயந்து நடப்பது எனக்குப் புதிது.

வரிசை வீட்டை இங்கே பாடி என்கிறார்கள். பாக்கியம் இன்னும் லயம் என்றுதான் சொல்கிறாள். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் எல்லாரும் கோயம்புத்தூர், திருப்பூர். உள்ளே போனதும் அவள் செய்த முதல் வேலை எனக்கு நாற்காலி போட்டதில்லை. ஒரு செம்பு நிறையத் தண்ணீரை அண்ணாந்து, மூச்சு விடாமல் குடித்தாள். இன்னொரு செம்பையும் மொண்டு குடித்தாள். சர்க்கரையும் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அதற்குப் பார்த்தாயிற்று, இல்லை என்றாள். மாசிக் கருவாட்டை முகர்ந்து பார்த்ததும்தான் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

மறுநாள் சாயங்காலம் பிள்ளைகள் காப்பகத்து அறையில் தியானக் கூட்டம். தியானம் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர், நான் சண்டை போடக் காத்திருந்த ஆள், ஸ்கூட்டரில் வந்தார். பொள்ளாச்சிக்காரர், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றுக் கூடலூரில் இருக்கிறாராம். மாத்திரையை நிறுத்தச் சொன்னது நீங்கள்தானே என்று, மழைக்கோட்டைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, நானுங்களா? மாத்திரைய நிறுத்துங்கன்னு ஒருத்தருகிட்டயும் சொன்னதில்லீங்க. சாமி சத்தியமா இல்லீங்க" என்றார். "நம்ம ஊட்டுலயே சம்சாரம் பிரஷருக்கு மாத்திரை போட்டுட்டுத்தானுங்க தியானத்துக்கு உக்காருது." பொய் சொல்கிற முகம் இல்லை. எனக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போயிற்று.

"நீங்களும் உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். பெண்கள் பத்துப் பேர் இருப்பார்கள். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணச் சொன்னார், அவ்வளவுதான். தகரக் கூரையில் மழை. பல வருடமாகப் பாரம் தூக்கிய தோள்கள் ஒவ்வொன்றாக இறங்குவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். பிறகு நானும் கண்ணை மூடினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதமாக இருந்தது. பஸ்ஸில் நனைந்த எரிச்சல்கூட எங்கோ போய்விட்டது.

முடிந்ததும் மாஸ்டர் ஒவ்வொருவருக்கும் பிரஷர் பார்த்தார். பாக்கியத்துக்கு மாத்திரை இல்லாமலே நூற்று நாற்பதுக்குக் கொஞ்சம் மேல்தான். "பாத்தியாண்ணே?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. இத்தனை நேரம் அமைதியாக உட்கார்ந்து எழுந்த கையோடு பார்த்தால் யாருக்குத்தான் இறங்கி இருக்காது? ஒவ்வொரு வாரமும் இந்த ஒரு நேரத்தில் மட்டும்தான் பார்க்கிறார்கள். மாஸ்டரிடம் சொன்னேன். அவர் மெஷினைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எனக்குத் தோணாமப் போச்சுங்களே" என்றார். அடுத்த வாரத்திலிருந்து உட்காருவதற்கு முன்னாலும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் விடிந்ததும், அவள் அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்பே, கையைப் பிடித்து மெஷினைக் கட்டினேன். நூற்று எண்பதைத் தாண்டியது. மறுபடி கட்டினேன், அதே கதை. "இதுக்கு என்ன சொல்ற?" என்றேன்.

"ஒன்னும் சொல்லல" என்று பட்டையை உருவிப் போட்டுவிட்டு, கத்தரியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

நானும் விடவில்லை. பின்னாலேயே போனேன். இங்கே விரலால் கிள்ளுவது குறைவு. பை கட்டிய பெரிய கத்தரியால் இலையை வெட்டுகிறார்கள். கத்தரிச் சத்தம் மலை முழுவதும் கேட்கிறது. கிள்ளுவதையே பார்த்த கண்ணுக்கு இது முரட்டு வேலையாகத் தெரிந்தது. தோள் எலும்பு தேய்ந்துவிடும். அட்டை என் காலில் ஏறி, நான் உப்பு தேடுவதற்குள் வயிறு நிறைந்து விழுந்துவிட்டது.

பத்து மணிக்குக் கட்டன் குடிக்க உட்கார்ந்தார்கள். பால் இல்லாத சாயத் தேத்தண்ணீர்தான். இந்தப் பக்கம் மலையாளத்துச் சொல்லாகக் கட்டன் என்கிறார்கள். பாட்டில் கைமாறிப் போனது. ஒவ்வொருத்தியும் ஒரு மிடறு, அதோடு சரி. பாக்கியம் உதட்டை நனைத்துவிட்டுப் பாட்டிலை என்னிடம் தள்ளினாள். இத்தனை வேலைக்குப் பிறகு இதென்ன குடி என்று எனக்குப் பட்டது.

"உங்க தங்கச்சி ஒட்டகம்ணே" என்றாள் பக்கத்தில் இருந்த சரசு. "காலையில இருந்து ஊட்டுக்குப் போறவரைக்கும் தண்ணி கெடையாது. நாங்களாவது மறைவாப் போயிட்டு வருவோம். இது, மேரி போனதுல இருந்து, ஒதுங்குறதே இல்ல."

"வாய மூடுடி" என்றாள் பாக்கியம். எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

சுற்றிப் பார்த்தேன். மேலே தேயிலை, கீழே தேயிலை, ஓரத்தில் காடு. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு கக்கூஸ் இல்லை. எங்கள் தோட்டங்களிலும் இதே லட்சணம்தான், பெரிதாகப் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. அப்போதுதான் அவள் நிறுத்திய மாத்திரையின் பெயர் எனக்கு உறைத்தது. உடம்பில் உள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றிப் பிரஷரை இறக்குகிற மாத்திரை அது. தண்ணி மாத்திரை என்போம்.

சாயங்காலம் அடுப்படியில் அவள் செம்பை இறக்கி வைத்ததும், "மாத்திரைய நிறுத்தினதுக்கும் தியானத்துக்கும் சம்பந்தம் இல்ல, அப்படித்தானே?" என்று கேட்டேன்.

அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அந்த மாத்திர போட்டா நிக்க முடியாதுண்ணே. போய்க்கிட்டே இருக்கணும். காட்டோரந்தான் போகணும். ஆனைக்குப் பயந்து ஜோடியாத்தான் போவோம். ஒருத்தி உள்ள குந்தினா, மத்தவ காவல் நிப்பா. எனக்கு ஜோடி மேரி. அன்னைக்கு மூனாவது தடவ கூப்புட்டேன். 'ஒனக்கென்னடி, கொழாயத் தொறந்து விட்டாப்ல போற'ன்னு சிரிச்சுக்கிட்டேதான் வந்தா. ஒரே மஞ்சு. முதுகக் காட்டிக்கிட்டு நின்னா, நான் கூச்சப்படக் கூடாதுன்னு. அது அவளுக்குப் பின்பக்கமாத்தான் வந்துச்சு. நான் பாத்துட்டேன். சத்தம் வரல எனக்கு. தொண்டையில சத்தமே வரல."

விறகை உள்ளே தள்ளினாள்.

"நான் புதருக்குள்ள குந்தி இருந்தேன். அதனால என்னை அதுக்குத் தெரியல."

நான் செம்பை மறுபடி நிரப்பி அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"கண்ண மூடினா அந்த முதுகுதாண்ணே தெரியும். மாஸ்டர் சொன்ன மாதிரி மூச்ச எண்ணினா கொஞ்சம் தள்ளிப் போகுது. அந்த நேரத்துலதான் நான் மனுசியா இருக்கேன். மககிட்ட இதெல்லாம் சொல்ல முடியுமா? தியானம் போதும்னு சொன்னேன். அது மரியாதையா இருந்துச்சு."

"டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எத? ஒன்னுக்குப் போறதையா? அங்க இருந்தது ஆம்பள டாக்டரு. பின்னால இருவது பேரு வரிசையில நிக்கிறாங்க."

மறுநாள் லீவு சொல்லவைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவள் வரமாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணினாள். காதைத் திருகும் வயது இருவருக்கும் போய்விட்டதால் கெஞ்சினேன். இந்தத் தடவை இருந்தது ஒரு பெண் டாக்டர். பாக்கியம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நான்தான் சொன்னேன், மாத்திரையையும் மலையையும் காட்டையும் மேரியையும்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அடிக்கடி ஒன்னுக்குப் போக வைக்காத மாத்திரை இருக்குதுமா. இத மொதல்லயே சொல்லியிருந்தா அப்பவே மாத்திக் குடுத்திருப்போமே" என்றார் தன்மையாக. தியானத்தை விடவேண்டாம், மனசுக்கு அது நல்லது, மாத்திரையோடு சேர்த்துச் செய்யுங்கள் என்றார். மேரி விஷயத்துக்கு ஊட்டியில் மனநல டாக்டரைப் பார்ப்பது நல்லது என்றும் சொன்னார். ஊட்டிக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும் என்று பாக்கியம் கணக்குப் போட்டது அவள் முகத்தில் தெரிந்தது. மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுக்க டாக்டருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். காரியம் இவ்வளவு லேசாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பிடித்து அவளை உட்கார வைத்து, வறுத்த கடலை வாங்கிக் கொடுத்தேன். அவள் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. சேரம்பாடி நெருங்கும்போது தன் மடியைப் பார்த்தபடி சொன்னாள்.

"அண்ணே, நான் அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லிருந்தா, மேரி இருந்திருப்பா."

இல்லை என்று சொன்னேன். ஆனைக்கு யார் பொறுப்பு, கக்கூஸ் கட்டாதது உன் குற்றமா, வெட்கப்பட வைத்தது யார் என்று என்னவெல்லாமோ சொன்னேன். எல்லாம் நியாயமான பேச்சு. அவள் ஒன்றைக்கூடக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு மருந்து மாற்றிக் கொடுக்க வந்தவன், சுமக்க இன்னொன்றையும் கையில் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் தனியாகச் சுவரோரம் கண்ணை மூடி உட்கார்ந்தாள். நான் சத்தம் போடாமல் வாசலில் இருந்தேன். சீக்கிரமே எழுந்து வந்துவிட்டாள். "இன்னைக்கு தள்ளிப் போகலண்ணே" என்றாள். விஞ்ஞானம் இதற்கு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் டாக்டரைக் கேட்டால், சிலருக்கு இப்படியும் ஆகும் என்பார். ஆகும்தான்.

கிளம்பும் நாள் காலை. மழை விட்டு மஞ்சு மட்டும் நின்றது. சுகந்தி போன் பண்ணினாள். "அம்மா மாத்திர போடுதா மாமா?"

"போடுறா. புது மாத்திரை. நான் பார்க்கப் பார்க்கத்தான் போடுறா."

"தியானம்?"

"அதையும் விடல."

"அப்ப இனிமே பயமில்லல்ல மாமா?" என்று அவள் சிரித்தாள். மேரி கதையைச் சொல்ல வேண்டாம் என்று பாக்கியம் அவசரமாகக் கையசைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போனை வைத்தேன்.

பாதையில் சரசு டப்பாவைத் தட்டிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பாக்கியம் கத்தரியைத் தோளில் மாட்டிக்கொண்டு, புது மாத்திரையை வாயில் போட்டாள். நான் தம்ளரில் தண்ணீர் நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"இது அந்த மாத்திரை இல்லையே தங்கச்சி. குடிக்கலாம்."

"மலைக்குப் போகணும்லண்ணே" என்றாள். தலையை அண்ணாந்து, கண்ணை இறுக மூடி, வறண்ட தொண்டையில் அதை இறக்கினாள். இரண்டு தடவை விழுங்க வேண்டியிருந்தது. பிறகு, பார்த்துப் போ, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தம்ளர் என் கையிலேயே இருந்தது.